சிவந்த தண்ணீரில் ஓர் இரும்பு மாத்திரை

"ஜூலை 3, வியாழன். காலை 6.10. மாத்திரை ஒன்று, வெறும் வயிற்றில். 6.50க்கு ஓக்காளம். வாந்தி இல்லை. வாயில் 'ஆணியைச் சப்பினது போல' ருசி."

சென்ற ஆண்டு என் மனைவிக்காக நான் தொடங்கிய நோட்டில் மாத்திரைக் கணக்கின் முதல் பதிவு இது. மேற்கோள் குறிக்குள் இருப்பது அவள் சொன்னது. மற்றவை நான் பார்த்தவை. அல்லது பார்த்ததாக நினைத்தவை.

கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேதி குறித்து வைப்பது பழைய பழக்கம். கால்வாயில் தண்ணீர் விட்ட நாள், முதல் சாரல் விழுந்த நாள், கேஸ் சிலிண்டர் வந்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. "இவருக்க நோட்டுல எனக்க வயசு மட்டும் இருந்துரப்பிடாது," என்று மனைவி விருந்தாளிகளிடம் சொல்லுவாள். அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவளுக்கு நாற்பத்தேழு.

இரண்டு வருஷமாக மாதாமாதம் அவளுக்கு ரத்தப்போக்கு அதிகம். முதலில் ஐந்து நாள், பிறகு ஒன்பது, பத்து. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்கு நடப்பதற்குள் மூன்று இடத்தில் நிற்க ஆரம்பித்தாள். நின்ற இடத்தில் ஏதாவது விலை கேட்பாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் விலை கேட்கிறாள் என்று எனக்குப் புரியவே நாளாயிற்று. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டிகள் தெரிந்தன. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4.

மருத்துவர் எங்களைவிட வயதில் மிக இளையவர். "கர்ப்பப்பைய எடுத்துரலாம் அக்கா. ஆனா இந்த ரத்தத்தோட மேசைல படுக்க வைக்க மாட்டேன். பத்துக்கு மேல வரணும். மூணு மாசம் பாப்போம். வரலைன்னா ரத்தம் ஏத்தித்தான் ஆப்பரேஷன்."

மனைவியின் முகம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மாறியது. அவளுடைய அக்காவுக்குப் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்ற ஆரம்பித்ததும் குளிர் காய்ச்சலாக வந்து, கட்டிலோடு சேர்ந்து உடம்பு ஆடியதாம். அன்று உடன் இருந்தவள் இவள்தான். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தக் கதையை வருஷத்துக்கு ஒரு முறையாவது அக்கா போனில் சொல்லுவாள், இவளும் முதல் முறை கேட்பதுபோல் கேட்பாள்.

ஆட்டோவில் வரும்போது, "மாத்திரை எத்தன வேணும்னாலும் முழுங்குகேன். ஆருக்கயோ ரத்தம் எனக்கு வேண்டாம். கேட்டேளா?" என்றாள்.

"கேட்டேன்."

"கேட்டா போராது. நோட்டுல எழுதுங்க."

எழுதினேன். அப்படித்தான் அந்த நோட்டு தொடங்கியது.

காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, இரவு சாப்பாட்டுக்கு முன் ஒன்று. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தேநீர், காப்பி, பால் ஆகாது. மலச்சிக்கல் வரும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இவ்வளவுதான் மருத்துவர் சொன்னது. மனைவி பிறந்தது மேற்கே, குலசேகரம் பக்கம். அங்கே விடிவதே தேநீரில்தான். அந்தத் தேநீரை அவள் அன்றோடு விட்டாள். நாள் முழுக்க விட்டாள். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி தேநீரை விடுவது என்றால் என்னவென்று அந்தப் பக்கம் சம்பந்தம் வைத்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மலம் கறுத்துப் போயிற்று. அவள் சொல்லவில்லை. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, அதுதான் கறுத்து வருகிறது என்று தானாக முடிவு செய்துகொண்டு, மூன்று இரவு தூங்காமல் கிடந்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன், அங்கே ரத்தம் ஏற்றுவார்கள் என்ற பயம். ஜூலை 8 அன்று, கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். மாத்திரை அட்டையோடு வந்த காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது வழக்கம் என்று பொடி எழுத்தில் இருந்தது. மருத்துவருக்குப் போன் செய்தபோதும் அதையே சொன்னார். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்தோடு போனாலோ, சிவப்பாகப் போனாலோ மட்டும் உடனே வரச் சொன்னார். அதை நோட்டில் கோடு போட்டு எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவள் கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

பிறகு மலச்சிக்கல் தொடங்கியது. அதை எழுதுவது கொஞ்சம் சங்கடம். ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. முதலில் இரண்டு நாளுக்கு ஒரு முறை, பிறகு நான்கு நாளுக்கு ஒரு முறை. ஜூலை 17 அன்று குளியலறைக்குள் போனவள் நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. நான் நோட்டோடு கதவுக்கு வெளியே நின்றேன்.

"ஆச்சா?"

கதவைத் தட்டினேன்.

"ஏட்டி, ஆச்சா? நேரம் குறிக்கணும்லா."

"நீங்க மொதல்ல அந்தப் பேனாவ மூடிட்டு வாசலுக்குப் போங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. வாசலுக்குப் போனேன். அன்றைய பதிவில் 'நேரம் தெரியவில்லை' என்று இருக்கிறது. அழுதாள் என்பதை எழுதவில்லை. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

அவளுடைய அக்கா அன்று போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏட்டி, வயிறு போச்சா?"

"போனா உனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவேன்."

"வெள்ளம் குடி மக்கா. வயிறு நெறைய குடி. நான் பதிமுகம் நெறைய வாங்கி வச்சிருக்கேன், ஆள்ட்ட குடுத்து விடட்டா?"

"குடுத்து விடு. இவரு வாங்கது தூசியா இருக்கு."

பதிமுகம் என்பது ஒரு மரத்தின் சீவல். ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்க வைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். மேற்கே பல வீடுகளில் குடிக்கிற தண்ணீர் என்றாலே அந்த நிறம்தான். நான் நெல்வயல் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் சீரகம் போட்டுக் காய்ச்சுவோம். கல்யாணம் ஆன முதல் வாரத்தில் அவள் என் வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, "இதென்ன, ரசமா?" என்று கேட்டாள். இரண்டாவது மாதத்தில் எங்கள் பானை சிவந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக நானும் அதைத்தான் குடிக்கிறேன். அதற்கென்று ஒரு பெயர் எங்கள் வீட்டில் கிடையாது. தண்ணீர் என்றால் அதுதான்.

மருத்துவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அவள் குடித்தாள். காலை மாத்திரையை ஒரு டம்ளர் சிவந்த தண்ணீரில் விழுங்கி, அதன் மேல் இன்னொரு டம்ளர் குடித்தாள். இரவும் அப்படியே. மலச்சிக்கல் கூடக் கூடத் தண்ணீரைக் கூட்டினாள், தண்ணீர் கூடக் கூடச் சீவலைக் கூட்டினாள். நான் பக்கத்திலிருந்து 'மாத்திரை, தண்ணீர்' என்று எழுதி டிக் போட்டேன்.

ஆகஸ்ட் 7 அன்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐந்து வாரம் கழிந்திருந்தது. 7.6.

மருத்துவர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றார்.

"சாப்பிடுகேன்."

நான் நோட்டை நீட்டினேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டினார். "சார் நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். அந்தக் குரலில் பாராட்டு இல்லை. "இவ்வளவு மாத்திரை உள்ள போயிருந்தா இதுக்குள்ள ஒன்பதாவது தொட்டிருக்கணும். மாசப்போக்குல போறதையும் சேத்துத்தான் சொல்றேன். இப்படிப் போனா மூணு மாசம் காத்திருக்க முடியாது, இன்னும் பத்து நாள் பாக்கலாம். அசையலைன்னா ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணிரலாம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். இப்போது நினைத்தால் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உண்மையச் சொல்லு. முழுங்குகியா, துப்புகியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முப்பத்தஞ்சு நாளா எனக்க வயித்துக்குள்ள கல்லு கெடக்கு. எதக் கண்டாலும் ஓக்காளிக்கு. எனக்க சோத்துல எனக்கே ருசி இல்ல. நீங்க நோட்டப் பாத்து என்னக் கேக்கேளா?"

அதற்குமேல் இரண்டு நாள் பேச்சு இல்லை. சாப்பாடு வந்தது, மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. காலை மாத்திரையை வாயில் போட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் அவளுக்குக் குமட்டியது. மாத்திரையை டம்ளருக்குள்ளேயே துப்பிவிட்டுத் தொட்டிப் பக்கம் ஓடினாள். நான் பின்னால் போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க விட்டாள், அவ்வளவுதான் அன்றைய சமாதானம். பிறகு அவள் போய்ப் படுத்துவிட்டாள். டம்ளர் மேசையிலேயே இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அதைக் கழுவ எடுத்தேன். உள்ளே தண்ணீர் கறுப்பாக இருந்தது. கலங்கல் இல்லை, அழுக்கு இல்லை, எழுதும் மையைப் போல் கறுப்பு. சாய்த்தால் எஃகு டம்ளரின் சுவரில் ஊதாவாக வழிந்தது.

மை என்று தோன்றியதுதான் காரணம். பழைய நாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சுவார்கள் என்று நூலகத்தில் இருந்தபோது எங்கோ படித்திருக்கிறேன். கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. அன்னபேதி ஒரு இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு, அந்தக் கறுப்பு எளிதில் கரையாது. தேநீர் ஆகாது என்று மருத்துவர் சொன்னதும் அதன் துவர்ப்புக்காகத்தான்.

மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் பால் விடாத கட்டன் சாயா, ஒன்றில் பானையின் சிவந்த தண்ணீர். மூன்றிலும் ஒவ்வொரு மாத்திரையாக உடைத்துப் போட்டேன். நேரம் 8.20. வெறும் தண்ணீர் துருப்பிடித்தது போல மங்கியது. சாயா கறுத்தது. பானைத் தண்ணீர் அதைவிடக் கறுத்தது.

மனைவி எழுந்து வந்து கதவோரம் நின்றாள். "எனக்க மாத்திரைய வச்சு வெளயாடுகேளா?"

"இங்க வந்து பாரு."

வந்து பார்த்தாள். மூன்று டம்ளரையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சாயாவையும் பானைத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பம் நான் சாயாவ விட்டது எதுக்கு?" என்றாள் கடைசியில்.

நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். மணி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, ஓக்காளம் இருக்கிறது. எந்தத் தண்ணீரில் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. ஆகஸ்ட் 7 அன்று நான் கேட்டதற்கு அன்று மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி. டம்ளரக் கழுவி வைங்க," என்றாள்.

மறுநாள் மருத்துவரிடம் கறுத்த டம்ளரின் படத்தைப் போனில் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "நான் டீ, காப்பின்னு கேட்டேன். தண்ணி என்ன நிறம்னு கேக்கலை," என்றார். பிறகு எல்லாவற்றையும் மாற்றினார். காலை, இரவு என்று இரண்டு வேளை வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்றே ஒன்று போதும் என்றார். தினம் இரண்டு போட்டால் உடம்பு அவ்வளவையும் எடுத்துக்கொள்வதில்லை, எடுக்காத இரும்புதான் குடலில் கிடந்து படுத்துகிறது என்று விளக்கினார். வெறும் வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், உடன் எலுமிச்சைச் சாறு. சிவந்த தண்ணீரைக் குடிக்கலாம், ஆனால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. இரவில் மலம் இளக இசப்கோல் உமி ஒரு ஸ்பூன், அதற்கு மேல் ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். ரத்தப்போக்கைக் குறைக்க அந்த நாட்களுக்கு மட்டும் வேறொரு மாத்திரை.

"பத்து நாள்னு சொன்னீங்களே டாக்டர்," என்றாள் மனைவி.

"அது வேற தண்ணில சொன்னது. நாலு வாரம் பாப்போம்."

வரும் வழியில் வடசேரியில் இறங்கினோம். பழக்கடைக்காரரிடம் ஏத்தன் வாழைப்பழம் கேட்டேன்.

"ஆருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல. வயிறு போகணும்."

"அதுக்கு ஏத்தன் எதுக்கு? பாளையங்கோட்டான் எடுங்க. இந்தா, தொலி கறுத்ததா ஒரு சீப்பு. ராத்திரி ரெண்டு. பப்பாளி மலிவா கெடக்கு, அதும் ஒண்ணு கொண்டு போங்க."

மனைவி எனக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். நடக்கத் தொடங்கிய பிறகு சொன்னாள்: "இனி எனக்கு வயிறு போகாதது வடசேரி முழுக்கத் தெரியும்."

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. வெறும் தண்ணீரைச் 'செத்த வெள்ளம்' என்றாள். இசப்கோல் டம்ளருக்குள் கொழகொழவென்று ஆவதற்குள் குடிக்க வேண்டும். முதல் இரவு அவள் யோசித்துக்கொண்டிருந்ததில் அது கஞ்சியாகிவிட்டது. ஆனால் மாத்திரை இல்லாத நாட்களில் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது. ஆகஸ்ட் 19 அன்று மத்தியானம் மீன்குழம்பை இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டாள். நான் பேனாவை எடுக்காமல் இருக்கப் பாடுபட்டேன். சாப்பிட்டு முடித்தபிறகு அடுக்களையில் நின்று எழுதினேன். ஆகஸ்ட் 23க்குப் பிறகு வயிறு இரண்டு நாளுக்கு ஒரு முறை, அப்புறம் பெரும்பாலும் தினமும். கறுப்பு மட்டும் மாறவில்லை. இப்போது அதைப் பார்த்து அவள் பயப்படவில்லை.

செப்டம்பர் 8: 9.1. செப்டம்பர் 25: 10.1. ஆய்வகத்தில் அந்த இரண்டாவது காகிதத்தை அவள் என் கையில் கொடுக்கவில்லை. அவளே மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அக்டோபர் 6 அன்று அறுவை சிகிச்சை. ஒரு பாட்டில் ரத்தம் தயாராக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மத்தியானம் வெளியே வந்த மருத்துவர் முதலில் சொன்னதே, "ரத்தம் ஏத்தலை சார்," என்பதுதான். அவர் உள்ளே திரும்பிய பிறகும் நான் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள் அவளுக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். தலையணையில் சாய்ந்துகொண்டு இரண்டு ஸ்பூன் குடித்தாள். பயம் இறங்கிய முகம். என் மடியில் நோட்டு இருந்தது.

"ஒண்ணு சொன்னா கோவப்படுவேளா?"

"இல்ல."

"ஜூலைல கொஞ்சம் மாத்திரை நான் முழுங்கல."

நான் நோட்டை மூடினேன்.

"எல்லாம் இல்ல. ரொம்ப முடியாத அன்னைக்கு மட்டும். நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சிட்டு, நீங்க எழுத குனியச்சில எடுத்துருவேன். பொறத்த வாழ மூட்டுல போட்டேன். நீங்க டிக் போடது பாத்தா இல்லன்னு சொல்ல மனசு வரல."

"எத்தன?"

"அஞ்சாறு இருக்கும். பத்து இருக்காது."

"அப்பம் ஆகஸ்ட்ல நான் கேட்டது..."

"நீங்க கேட்டது சரிதான். கேட்ட விதம் சரியில்ல," என்றாள். ஸ்பூனை நீட்டினாள், இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்று.

கொடுத்தேன். அவள் தூங்கிய பிறகு ஜூலைப் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தேதியிலிருந்து முப்பத்தொன்றாம் தேதிவரை ஒரு டிக்கும் விடுபடவில்லை. எது உண்மை, எது கொல்லை வாழையின் அடிக்குப் போனது என்று டிக்கைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. எந்தெந்த நாள் என்று பின்னர் ஒரு முறை கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. ஐந்தாறு மாத்திரை குறைந்ததால் மட்டும் ஐந்து வாரத்தில் எண் அப்படியே நிற்காது என்கிறார் மருத்துவர். பதிமுகமும் காரணமாக இருக்கலாம், மாதப்போக்கும் காரணமாக இருக்கலாம் என்றும் அவரே சொல்கிறார். ஆகஸ்ட் 11 அன்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால் பிரித்துச் சொல்ல முடியாது. தேநீரின் துவர்ப்பு இரும்பைத் தடுப்பதைப் பற்றி நம்பத்தக்க புத்தகங்களில் படித்தேன். பதிமுகம் மனித உடலுக்குள் அதையே செய்கிறதா என்று சொல்லும் ஆதாரம் எதுவும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. டம்ளரில் கறுத்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூலைப் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: "இம்மாதம் உட்கொண்ட மாத்திரைகளின் எண்ணிக்கை உறுதி செய்யப்படவில்லை."